ஸ்குவாட்டில் முட்டி வலி: அறிகுறியை வைத்துப் பிழையைத் தேடும் வழிமுறை

பார்பெல் என்னும் எடைக் கம்பியைத் தோளில் ஏற்றி, உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியைச் செய்பவருக்கு முட்டியில் வலி வந்துவிட்டால், ஜிம்மில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வைத்தியம் சொல்வார்கள். ஒருவர் பாதத்தை இன்னும் அகட்டச் சொல்வார். இன்னொருவர் பாதி ஆழத்தோடு நிறுத்தச் சொல்வார். மூன்றாமவர் முட்டிக்கு உறை வாங்கிப் போடச் சொல்வார். இவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வலிக்குப் பொருந்தும் யோசனைதான். ஆனால் எந்த வலிக்கு எது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால், வலி குறைந்தாலும் எதனால் குறைந்தது என்று தெரியாது, கூடினாலும் எதனால் கூடியது என்று தெரியாது. எனவே இங்கே அறிகுறியிலிருந்து தொடங்கிக் காரணத்தை நோக்கிப் போவோம். அறிகுறி எதுவானாலும் தேடும் வரிசை ஒன்றுதான்: முதலில் எடை குறித்து வைக்கும் நோட்டு, அடுத்து பாதம், கடைசியாகத்தான் முட்டி. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அசைவின் வடிவத்தை நுணுக்கி நுணுக்கித் திருத்துகிறார்கள்; கடந்த மூன்று வாரங்களில் எடையை எவ்வளவு வேகமாக ஏற்றினோம் என்று மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலில் விலக்க வேண்டியவை

கீழே வரும் எதையும் முயலும் முன், மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். முட்டி முறுக்கிக்கொண்டபோது உள்ளே ஏதோ அறுந்தது போன்ற ஓசையோ உணர்வோ ஏற்பட்டு, அடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கிவிட்டால், மூட்டுக்குள் இரத்தம் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். முட்டி எலும்புகளைப் பிணைக்கும் முன்புற லிகமென்ட் என்ற நாரின் கிழிவு பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும். முட்டி ஒரு கோணத்தில் மாட்டிக்கொண்டு மேற்கொண்டு மடக்கவோ நீட்டவோ வராமல் நின்றால், முட்டி எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு (மெனிஸ்கஸ்) கிழிந்து, அதன் ஒரு பகுதி எலும்புகளுக்கு இடையே சிக்கியிருக்கலாம். படுத்துக்கொண்டு காலை நேராக வைத்துத் தூக்க முடியவில்லை என்றால், தொடையின் முன்புறத் தசையை, முட்டியின் முன்னால் இருக்கும் வட்டமான எலும்பான சில்லோடும், சில்லைக் கீழ்க்கால் எலும்போடும் இணைக்கும் தசைநாண்களில் ஒன்று அறுந்திருக்கலாம். அது முழுதாக அறுந்திருந்தால் அறுவை சிகிச்சை பெரும்பாலும் தேவைப்படும். நாள் தள்ளத் தள்ள அந்தச் சிகிச்சை கடினமாகும்.

அடிபட்ட முட்டிக்கு எக்ஸ்-ரே தேவையா என்று முடிவு செய்ய, கனடாவின் ஒட்டாவா நகரில் வகுக்கப்பட்ட எளிய விதிகளை மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். வயது 55 அல்லது அதற்கு மேல் இருப்பது, சில்லை அழுத்தினால் அங்கு மட்டும் வலிப்பது, முட்டிக்கு வெளிப்புறம் சற்றுக் கீழே உள்ள எலும்பு முனையில் வலிப்பது, 90 பாகை மடக்க முடியாமை, அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். முட்டி சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் அது கிருமித் தொற்றாக இருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றையும் நினைவில் வைப்பது நல்லது. சிக்குன்குனியா வந்து போனவர்களில் சிலருக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் நீடிக்கும். காய்ச்சல் விட்டதும் ஜிம்முக்குத் திரும்பியவருக்கு இரண்டு முட்டிகளும் காலையில் இறுகிப்போய், கணுக்காலும் விரல் மூட்டுகளும் சேர்ந்து வலித்தால், ஸ்குவாட்டில் பிழை தேடுவது வீண்.

சோதனைக்கான படம்

மேலே சொன்னவை எதுவும் இல்லையென்றால், படம் பிடித்துப் பார்க்கலாம். 20 கிலோ எடையுள்ள வெறும் பார்பெல்லை வைத்து ஐந்து முறையும், வழக்கமாகச் செய்யும் எடையில் ஏறக்குறைய 70 விழுக்காட்டை ஏற்றி ஐந்து முறையும் செய்ய வேண்டும். பெண்களுக்கான 15 கிலோ பார் இருக்கும் இடங்களில் அதையே பயன்படுத்தலாம். நண்பரிடம் போனைக் கொடுத்து நின்றபடி எடுக்கச் சொல்லக் கூடாது. மேலிருந்து எடுத்த படத்தில் ஆழமும் கோணமும் பிசகித் தெரியும். ஒரு பெஞ்சின் மீது முட்டி உயரத்தில் போனை நிறுத்தி நேரெதிரே ஒரு முறையும், இடுப்பு உயரத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஒரு முறையும் எடுக்க வேண்டும்.

பக்கவாட்டுப் படத்தில் பார்க்க வேண்டியது, கம்பி பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலாக ஏறி இறங்குகிறதா என்பதும், குதிகால் தரையில் இருக்கிறதா என்பதும். நேரெதிர்ப் படத்தில் பார்க்க வேண்டியது, முட்டி எந்தத் திசையில் போகிறதோ அதே திசையைப் பாதவிரல்களும் பார்க்கின்றனவா என்பது. பாதம் தோளகலத்தில் இருந்து, விரல்கள் 15 முதல் 30 பாகை வரை வெளிப்பக்கம் திரும்பியிருப்பது பலருக்கும் பொருந்தும் தொடக்க நிலை. அது சட்டமல்ல, இடுப்பெலும்பின் குழியும் தொடையெலும்பின் திருப்பமும் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், பக்கத்தில் நிற்பவரின் பாத அகலத்தைப் பார்த்து அப்படியே நிற்பதில் பயனில்லை. தொடையெலும்பு நீளமானவர்கள் முன்னால் அதிகம் சாய்ந்தே தீர வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது உடலமைப்பின் விளைவு. அதைத் திருத்த முயன்றால் புதிய சிக்கல்தான் வரும்.

வலியை 0 முதல் 10 வரையிலான அளவில் மதிப்பிட்டு ஒவ்வொரு செட்டுக்கும் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்றுக்கும்) பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். பயிற்சியின்போது 3 வரை இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் வலியோடு தொடரலாம். அதைத் தாண்டினாலும், மறுநாளும் தங்கினாலும், அன்றைய சுமை அந்த முட்டிக்கு அதிகம் என்று பொருள்.

முட்டியின் முன்புறம், சில்லைச் சுற்றிப் பரவலாக வலிக்கிறது

ஸ்குவாட் செய்பவர்கள் அதிகம் சொல்லும் முட்டி வலி இதுதான். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் ஒரு விரலால் காட்ட முடியாமல், உள்ளங்கையைச் சில்லின் மேல் வைத்துக் காட்டுவார்கள். படியேறுவதைவிட இறங்கும்போது கூடுதலாக வலிக்கும். நீண்ட பேருந்துப் பயணத்தில் முட்டியை மடக்கியே உட்கார்ந்திருந்து எழும்போதும் வலிக்கும். தொடையெலும்பின் பள்ளத்தில் வழுக்கிச் செல்லும் சில்லுக்கும் அந்த எலும்புக்கும் இடையிலான அழுத்தம், அந்த மூட்டு பழகியிருக்கும் அளவைத் தாண்டிவிட்டது என்பதே இதற்குப் பொதுவான விளக்கம்.

முதலில் நோட்டைத் திறந்து கடந்த நான்கு வாரங்களைப் படிக்க வேண்டும். எடை எவ்வளவு ஏறியது, செட்டுகள் எத்தனை கூடின, லெக் பிரஸ் (இயந்திரத்தில் எடையைக் காலால் தள்ளுவது), லஞ்ச் (ஒரு காலை முன்வைத்து இறங்குவது) போன்ற பயிற்சிகள் புதிதாகச் சேர்ந்தனவா என்று பார்க்க வேண்டும். நோட்டில் எழுதப்படாத சுமைகளும் உண்டு. கால் பயிற்சி செய்த மறுநாள் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலம் போனவரின் முட்டி, அந்த நடையையும் கணக்கில் எழுதிக்கொள்ளும். தேர்வுக்காகவோ காய்ச்சலாலோ ஒரு மாதம் இடைவெளி விட்டவர், விட்ட எடையிலேயே மீண்டும் தொடங்கியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது.

சுமை கூடியிருந்தது தெரியவந்தால், எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, செட்டுகளையும் சற்றுக் குறைத்து இரண்டு வாரம் பார்க்க வேண்டும். அடியோடு நிறுத்திவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓய்வில் வலி அடங்கும். ஆனால் தொடைத் தசையின் வலுவும் சேர்ந்து குறையும் என்பதால், திரும்பி வரும்போது அதே எடை முன்பைவிடப் பெரிய சுமையாகிவிடும்.

அடுத்து ஆழம். முட்டி மடங்க மடங்கச் சில்லின் மீதான அழுத்தம் கூடிக்கொண்டே போய், ஏறக்குறைய 90 பாகையை ஒட்டி உச்சத்தை அடைகிறது. அதற்கும் கீழே இறங்கும்போது தொடைத் தசையின் தசைநாணே எலும்புப் பள்ளத்தில் படிந்து, சுமையின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹாகன் ஹார்ட்மனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது: பாதி ஆழத்தில் நிறுத்துபவர்கள், அந்த ஆழத்தில் தூக்க முடியும் என்பதாலேயே மிக அதிக எடையை ஏற்றுகிறார்கள், ஆகையால் பாதி ஸ்குவாட் முட்டிக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை சரியல்ல. ஆழமாகப் போனால் லிகமென்ட் தளர்ந்துவிடும் என்ற அச்சமும் பழையது. 1961-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் க்ளைன் அப்படி ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டார். பின்னர் செய்யப்பட்ட ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. முடிவு மறுக்கப்பட்டு இத்தனை காலம் ஆகியும், அது விதைத்த பயம் மட்டும் ஜிம்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

அப்படியானாலும் வலிக்கிற முட்டிக்குத் தற்காலிகமாக ஆழத்தைக் குறைப்பதில் தவறில்லை. வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே இருக்குமாறு ஒரு பெட்டியையோ எடைத் தட்டுகளான பிளேட்டுகள் அடுக்கிய பெஞ்சையோ பின்னால் வைத்து, அதைத் தொட்டு எழ வேண்டும். எடையும் குறைந்தே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே முக்கியம். வலி அடங்கியதும் வாரம் ஒரு பிளேட்டை எடுத்துவிட்டால் ஆழம் தானாகத் திரும்பும்.

முட்டி பாதவிரலைத் தாண்டக் கூடாது என்ற அறிவுரைக்கும் இதே அளவுகோல்தான். 2003-இல் வெளியான ஃப்ரை, ஸ்மித், ஷில்லிங் ஆகியோரின் ஆய்வில், எடைப் பயிற்சி பெற்ற ஏழு ஆண்கள் தங்கள் உடல் எடைக்குச் சமமான பார்பெல்லோடு இரு விதமாக ஸ்குவாட் செய்தார்கள். முட்டி முன்னால் போகாதபடி ஒரு பலகையால் தடுத்தபோது, முட்டியில் ஏற்பட்ட திருப்பு விசை சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பில் அது 28-இலிருந்து 302 ஆக உயர்ந்தது. முட்டியில் மிச்சமான சிறு அளவுக்கு இடுப்பும் கீழ் முதுகும் பல மடங்கு விலை கொடுக்கின்றன. ஆகவே, பின்னால் தள்ளி உட்காரும் பாணி வலி அடங்கும் வரை பயன்படும் ஒரு மருந்து; அதை எல்லோருக்குமான நிரந்தர விதியாக்குவது கீழ் முதுகுக்குச் செய்யும் அநியாயம். குதிகால் தரையில் ஊன்றியிருக்கும் வரை முட்டி விரல்களைத் தாண்டுவது இயல்பான அசைவே. நம் ஊர் உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலோடு சேர்த்துச் செய்யும் பஸ்கியில் குதிகால் எழும், முட்டி வெகு தூரம் முன்னால் போகும். அங்கே தோளில் நூறு கிலோ இல்லை என்பதையும், எண்ணிக்கை படிப்படியாகக் கூட்டப்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இவற்றோடு புட்டத் தசைக்கான பயிற்சியையும் சேர்த்தால் இந்த வகை வலி குறைய உதவும். தாழ்வான படியில் ஒரு காலில் நின்று மெதுவாக இறங்கி ஏறுவது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது போன்றவை போதுமானவை. முட்டி உறை இதமான சூட்டையும் பிடிமான உணர்வையும் கொடுக்கும், சுமையைக் குறைக்காது. இறுக்கிச் சுற்றும் நீளமான முட்டிப் பட்டை வேறு பொருள். அது போட்டியில் கூடுதல் எடை தூக்குவதற்காக வந்தது. சில்லைப் பள்ளத்தோடு சேர்த்து அமுக்குவதால் இந்த வலிக்கு அதை மருந்தாகக் கொள்ளக் கூடாது.

சில்லுக்குச் சற்றுக் கீழே ஒரே புள்ளியில் வலிக்கிறது

இங்கே வலியை ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடியும். சில்லின் கீழ் முனையில் தொடங்கும் தசைநாணே பெரும்பாலும் இடம். இதன் போக்கு பலரை ஏமாற்றிவிடும்: முதல் செட்டில் வலிக்கும், உடல் சூடேறியதும் மறைந்துவிடும், சரியாகிவிட்டது என்று நினைத்து வழக்கமான எடையை முடித்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் மாடிப்படியில் இரட்டிப்பாக வலிக்கும். வாலிபால், பேட்மிண்டன், கபடி போன்று குதித்தலும் திடீர்த் திருப்பமும் உள்ள ஆட்டங்களையும் ஸ்குவாட்டையும் சேர்த்துச் செய்பவர்களிடம் இது அதிகம்.

தசைநாணுக்குச் சுமையின் அளவைப் போலவே அது ஏற்றப்படும் வேகமும் பொருட்டு. எனவே பக்கவாட்டுப் படத்தில் கீழே போய்த் திரும்பும் தருணத்தைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாடில்லாமல் விழுந்து, அடியில் எம்பி எழுபவராக இருந்தால் அந்த எம்பலை முதலில் நிறுத்த வேண்டும். மூன்று நொடியில் இறங்கி, மூன்று நொடியில் எழும் மெதுவான ஸ்குவாட்டுக்கு மாற வேண்டும். 2009-இல் டென்மார்க்கில் கொங்ஸ்கார் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், இந்த வலியுள்ள ஆண்கள் வாரத்துக்கு மூன்று நாள், 12 வாரங்கள், ஸ்குவாட்டையும் லெக் பிரஸ்ஸையும் இயந்திரத்தில் சாய்ந்து செய்யும் ஹேக் ஸ்குவாட்டையும் இப்படி மெதுவாகச் செய்தார்கள். 15 முறை மட்டுமே தூக்க முடிகிற எடையில் தொடங்கி, 6 முறை மட்டுமே முடிகிற எடை வரை படிப்படியாக உயர்ந்தார்கள். அதே ஆய்வில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு முதலில் நன்றாகவே குறைந்தது. அரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை, மெதுவான எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு நிலைத்திருந்தது. ஊசி போட்டால் அடுத்த வாரமே ஆட்டத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வலி அதிகமாக இருந்து அசைவே கடினமாகும் நாட்களில், அசையாமல் தாங்கும் பயிற்சியை முயலலாம். சுவரில் முதுகை வைத்து, முட்டியை வலி பொறுக்கும் கோணத்தில் மடக்கி, 45 நொடி வீதம் நான்கைந்து முறை இடையில் ஓய்வெடுத்துச் செய்யலாம். 2015-இல் ஆஸ்திரேலியாவில் வாலிபால் ஆடுபவர்கள் ஆறு பேரைக் கொண்டு செய்த சிறிய ஆய்வில், உட்கார்ந்து முட்டியை நீட்டி எடை தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் இப்படி அசையாமல் தாங்கிய உடனே வலி கணிசமாகக் குறைந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அதே அளவு பலனைக் காட்டவில்லை; ஆனாலும் செலவோ ஆபத்தோ இல்லாத முயற்சி என்பதால், பயன்பட்டால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் விட்டுவிடலாம்.

தசைநாண் மெதுவாகவே தேறும். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்று வேறு வைத்தியத்துக்குத் தாவுவதுதான் இந்த வலியை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கிறது.

எழும்போது முட்டிகள் உள்ளே சாய்கின்றன

எந்த ரெப்பில், அதாவது எத்தனையாவது முறை இறங்கி எழும்போது, தொடங்குகிறது என்பதே முதல் கேள்வி. கனத்த எடையில் கடைசி இரண்டு ரெப்பில் மட்டும் சிறிது உள்ளே வந்து, வலியும் இல்லையென்றால், எடை சற்று அதிகம் என்பதைத் தவிரக் கவலைப்பட ஒன்றுமில்லை. உலகத் தரமான பளுதூக்கும் வீரர்களிடம்கூட எழும்போது இது தென்படுவதுண்டு. வெறும் பார்பெல்லின் முதல் ரெப்பிலிருந்தே சாய்ந்தால் பாதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சாய்ந்தால் அந்தக் காலின் பழைய காயத்தையும் கணுக்காலின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும்.

பாதத்தில் பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் ஆகிய மூன்று இடங்களும் தரையை அழுத்த வேண்டும். உள்வளைவு சரிந்து பாதம் உள்பக்கம் உருண்டால் முட்டியும் அதைத் தொடர்ந்து உள்ளே போகும். இதற்கு மாஸ்டர்கள் வழக்கமாகச் சொல்லும் "முட்டியை வெளியே தள்ளு" என்ற கட்டளை ஓரளவுக்குத்தான் உதவும். அதை அளவுக்கு மீறிக் கடைப்பிடிப்பவரின் பெருவிரல் தரையை விட்டு எழுந்து, எடை பாதத்தின் வெளி விளிம்புக்குப் போய்விடுகிறது. ஒரு கோணல் போய் மறு கோணல் வருகிறது. பெருவிரலைத் தரையில் அழுத்திக்கொண்டே முட்டியை இரண்டாம், மூன்றாம் விரல்களின் திசையில் அனுப்பச் சொல்வது மேலானது. மூன்று நொடி இறக்கம், அடியில் ஒரு நொடி நிறுத்தம் என்று எடையைக் குறைத்துச் செய்தால் சாய்வு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பது செய்பவருக்கே தெரியவரும். தெரிந்தபின் திருத்துவது எளிது.

குதிகால் எழுகிறது, எடை விரல் நுனிக்கு ஓடுகிறது

சுவரை நோக்கி நின்று, பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே 10 சென்டிமீட்டர் விட்டு, குதிகாலைத் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் கணுக்காலில் குறையில்லை, சமநிலையில்தான் பிழை. முடியாவிட்டாலோ இரு கால்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இருந்தாலோ கணுக்கால்தான் தடை. கெண்டைக்காலின் பின்புறம் இழுப்பது போல இருந்தால், நாள்தோறும் நீட்டிப் பழகப் பழகச் சில வாரங்களில் இளகும். கணுக்காலின் முன்புறம் இடிப்பது போல இருந்தால் நீட்டுவதால் பெரிய பலன் கிடைக்காது. குதிகாலை உயர்த்திக்கொள்வதே வழி. பளுதூக்கும் ஷூக்களின் குதிப்பகுதி ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் உயர்ந்து, கடினமான அடிப்பாகத்தோடு இருப்பது இதற்காகவே. அது இல்லாதவர் சரிவான மரக்கட்டையைப் பயன்படுத்தலாம். ஓடுவதற்கான மெத்தென்ற ஷூவோடு கனமான ஸ்குவாட் செய்வதை அறவே தவிர்க்க வேண்டும். அதன் அடிப்பாகம் ஒவ்வொரு ரெப்பிலும் வெவ்வேறு விதமாக அமுங்குவதால் கால் எதையும் நம்பி ஊன்ற முடிவதில்லை. அதைவிட வெறுங்கால் மேல்.

குதிகாலை உயர்த்தினால் முட்டி இன்னும் முன்னால் போகும், தொடையின் முன்புறத் தசைக்கு வேலை கூடும். சில்லைச் சுற்றி வலி இருக்கும் நாட்களில் இந்த மாற்றத்தைத் தொடங்கக் கூடாது.

முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலிக்கிறது

ஸ்குவாட் நேராக மடங்கி நீளும் அசைவு. பக்கவாட்டில் வலித்தால் அதில் எங்கோ ஒரு முறுக்கம் நுழைந்திருக்கிறது என்று பொருள். பாதம் நேராக முன்னே பார்க்க முட்டி வெளியே போவதும், பாதம் வெகுவாகத் திரும்பியிருக்க முட்டி உள்ளே வருவதும் அத்தகைய முறுக்கங்கள். விரல்களின் திருப்பத்தை ஒரே முறை 5 பாகை அளவுக்கு மாற்றி, அடுத்த இரண்டு பயிற்சிகளில் வலி எப்படி என்று குறிக்க வேண்டும். மூட்டின் இடைவெளிக் கோட்டில் விரலை வைத்து அழுத்தினால் வலிப்பதும், ஆழத்தில் மட்டும் சுருக்கென்று குத்துவதும், மறுநாள் வீங்குவதும் சேர்ந்து இருந்தால் ஜவ்வைச் சந்தேகிக்க வேண்டும். அது பிசியோவோ மருத்துவரோ கையால் சோதித்து முடிவு செய்ய வேண்டியது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களில் வலியே இல்லாத பலருக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஜவ்வுக் கிழிவு தெரிவதுண்டு. ஆகவே ஸ்கேன் தாளில் இருக்கும் வரியை மட்டும் படித்துவிட்டு ஸ்குவாட்டுக்கே விடைகொடுத்துவிட வேண்டியதில்லை.

இடுப்பு முதலில் எழுகிறது அல்லது ஒரு பக்கம் சாய்கிறது

கீழிருந்து எழும்போது இடுப்பு மட்டும் விருட்டென மேலே போய், மார்பு கீழேயே தங்கிவிடுவதைப் பலரும் முதுகின் பலவீனம் என்கிறார்கள். பெரும்பாலும் தொடையின் முன்புறத் தசைக்கு முடியாத வேலையை உடல் இடுப்புக்கு மாற்றிக்கொடுப்பதன் விளைவு அது. முட்டி வலி வந்து போனவர்கள் தம்மை அறியாமலே இப்படி மாற்றிக்கொள்வார்கள். முட்டி வலிக்காது, சில மாதங்களில் முதுகு வலிக்கும். எடையைக் குறைத்து, கம்பியைத் தோளின் முன்புறம் தாங்கும் ஃப்ரண்ட் ஸ்குவாட்டைச் சில வாரம் செய்தால் இந்தப் பழக்கம் உடையும், ஏனெனில் அதில் இடுப்பு முந்தினால் கம்பி கையை விட்டு உருண்டுவிடும்.

லிகமென்ட் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் வேறொரு மாற்றம் இருக்கும். அவர்களின் இடுப்பு நல்ல காலின் பக்கம் நகர்ந்து, இரு காலும் சமமாக உழைப்பது போன்ற தோற்றத்தைத் தரும். பின்னாலிருந்து எடுத்த படத்தில்தான் இது தெரியும். அவர்களுக்கு இரு காலால் செய்யும் ஸ்குவாட்டை மட்டும் நம்பாமல், ஒற்றைக் கால் பயிற்சிகளை அந்தப் பலவீனமான காலிலிருந்து தொடங்கித் தருவது அவசியம்.

வலியில்லை, சத்தம் மட்டும் வருகிறது

வலியோ வீக்கமோ மாட்டிக்கொள்ளுதலோ இல்லாமல் நறநறப்போ சொடுக்கோ மட்டும் இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்.

வலி அடங்கியபின் எடையைத் திரும்ப ஏற்றுதல்

80 கிலோவில் ஐந்து ரெப் செய்துகொண்டிருந்தவருக்கு வலி வந்து அடங்கியிருந்தால், 50 கிலோவில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது 48 மணி நேர இடைவெளியோடு செய்வது பொருத்தமாக இருக்கும். ஒவ்வொரு பயிற்சிக்கும் மறுநாள் காலையில், கால்களை நீட்டி உட்கார்ந்து, சில்லின் இருபுறமும் உள்ள சிறு குழிவுகள் இரு முட்டியிலும் ஒரே மாதிரி தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். வலித்த முட்டியில் குழிவு நிரம்பியிருந்தால் உள்ளே நீர் சேர்ந்திருக்கிறது. குழிவு தெரிந்து, படியிறங்குவதும் வழக்கம்போல இருந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டலாம். இல்லையென்றால் ஒரு படி கீழே இறங்கி, அங்கே இரண்டு பயிற்சி நிலைத்து நிற்க வேண்டும். ஆழத்தையும் எடையையும் ஒரே வாரத்தில் கூட்டக் கூடாது. வேகமான இறக்கத்தைக் கடைசியில்தான் அனுமதிக்க வேண்டும். தனியாகச் செய்பவர் பார்பெல்லைத் தாங்கும் சட்டமான ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளைத் தம் அடி ஆழத்துக்குச் சற்றுக் கீழே பொருத்திக்கொள்ள வேண்டும், ஏனெனில் வலி வந்த முட்டி திடீரென மறுத்தால் எடையை விட்டுவிட ஓர் இடம் வேண்டும். பல ஜிம்களில் 1.25 கிலோ பிளேட்டுகள் இருப்பதில்லை. அங்கே 5 கிலோவாகத் தாவுவதற்குப் பதிலாக, அதே எடையில் ஐந்து ரெப்பை ஆறாக்கி, ஏழாக்கி, எட்டு ரெப் சுலபமானதும் எடையைக் கூட்டி மீண்டும் ஐந்துக்கு வர வேண்டும்.